பாதிப் பெயரில் நின்ற வகுப்பு

1

பெங்களூரை நான் வெளிநாடு என்று சொன்னால் ஆரணியில் சிரிக்கிறார்கள். காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்துவிடுகிற ஊர் எப்படி வெளிநாடாகும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் பஸ் நுழைந்ததும், அதுவரை என்னோடு பேசிக்கொண்டே வந்த கடைப் பலகைகள் எல்லாம் சட்டென்று வாயை மூடிக்கொள்ளும். ஓசூரில் அறிவாளியாக இருந்தவன் அந்த ஒரு திருப்பத்தில் எழுத்தறியாதவன் ஆகிவிடுவேன். வெளிநாட்டுக்கு அதைவிட வேறு என்ன எல்லைக்கோடு வேண்டும்?

இந்த ஆனியோடு நானும் என் மனைவி கலாவும் பொம்மனஹள்ளிக்குக் குடிவந்து இருபது வருடம் ஆகிறது. மெயின் ரோட்டை ஒட்டிய சந்தில் சின்ன மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். கலா கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தையல் லைனில் இருக்கிறாள். மகள் அபி இப்போது பி.யு.சி. படிக்கிறாள், நம் ஊர் பிளஸ் டூ மாதிரி.

போன வாரம் என் சித்தப்பா மகன் சேகர் ஆரணியிலிருந்து ஒரு இண்டர்வியூவுக்காக வந்திருந்தான். சாயங்காலம் மூவருமாக நடந்து போனோம். எங்கள் ஏரியாவில் இருக்கும் தனியார் பல்கலைக்கழகத்தின் கேட்டைக் கடக்கும்போது, செக்யூரிட்டி ராஜு நாற்காலியிலிருந்து எழுந்து, "நமஸ்தே அக்கா! இவத்து கிளாஸ் இல்வா?" என்றார். இன்றைக்கு வகுப்பு இல்லையா என்று கேட்டார். கலா கையசைத்து, "நாளே, நாளே" என்றாள்.

கொஞ்ச தூரம் போனதும் சேகர் என்னை ஒட்டி வந்தான். பிறகு என் காதருகே, "யாருண்ணா அது? அண்ணியப் பார்த்து எதுக்கு எழுந்து நிக்கறான்? அண்ணி காலேஜுலயா வேல செய்றாங்க?" என்றான்.

நடந்துகொண்டே சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. மறுநாள் அவன் பஸ் ஏறிவிட்டான். அவனுக்கும், அவனைப் போலக் கேட்கக்கூடிய மற்றவர்களுக்கும் இங்கே எழுதுகிறேன்.

2

நாங்கள் குடிவந்தபோது அந்த இடத்தில் பல்கலைக்கழகம் இல்லை. மூடிப்போன ஒரு கம்பெனியும் அதன் பின்னால் தைல மரத் தோப்பும் இருந்தன. பிறகு சுற்றுச்சுவர் வந்தது. சுவருக்குள் கட்டடம் வந்தது. ஒவ்வொரு ஜூன் மாதமும் உள்ளே போகிற பிள்ளைகளின் கூட்டம் பெருத்தது. எங்கள் சந்தில் பி.ஜி. விடுதிகள் முளைத்தன, டீக்கடைகள் விடிவதற்கு முன்பே திறந்தன, எனக்குத் தலைவலி மாத்திரை வியாபாரம் கூடியது. மற்றபடி அவர்கள் அவர்கள் பக்கம், நாங்கள் எங்கள் பக்கம்.

வருடத்துக்கு ஒருமுறை மட்டும் அவர்கள் எங்கள் பக்கம் வருவார்கள். ஒரே மாதிரி டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு, கழுத்தில் அடையாள அட்டையோடு, கூட்டமாக. சமுதாயப் பணி என்று பெயர். வீட்டில் கழிப்பறை இருக்கிறதா, தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, யாருக்காவது சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். எங்கள் வீட்டு ஓனர் முனிரத்னம்மாவுக்கு அது ஒரு திருவிழா. ஒரு வருடம் தனக்குச் சர்க்கரை இருக்கிறது என்பார், மறுவருடம் இல்லை என்பார். "நம்ம கிட்ட கேக்கறதுக்கு யாராவது வர்றாங்களே, சும்மா அனுப்பினா நல்லா இருக்குமா கணோ?" என்று, தமிழிலும் கன்னட 'கணோ'வை நம் 'ப்பா' போல ஒட்டவைத்து, என்னிடம் சொல்லிச் சிரிப்பார்.

முனிரத்னம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பொம்மனஹள்ளி ஊராக இருந்த காலத்திலிருந்து இங்கே இருக்கிற குடும்பம். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பெரிய மூக்குத்தி, அதைவிடப் பெரிய குரல். நாங்கள் இருப்பது அவருடைய ஐந்து வாடகை வீடுகளில் ஒன்று. கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றிலும் சண்டை போடுவார், மூன்றிலும் சமாதானம் ஆவார். ஆனால் அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாடகை ஒப்பந்தத்தில் கட்டை விரல்தான். விரலை மை அட்டையில் வைக்கும்போது மட்டும் அந்தக் குரல் அடங்கிவிடும், எங்களைப் பார்க்க மாட்டார்.

3

என் கன்னடத்தைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது முழுக்க மாத்திரைக் கன்னடம். "ஊட்டாக்கே முஞ்சே", "ஊட்டா ஆத மேலே". சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின். இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் இருபது வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

கலாவின் கன்னடம் வேறு ரகம். அவள் லைனில் இருப்பவர்கள் மண்டியா, ராமநகரம் பக்கத்துப் பெண்கள். அவர்களோடு பேசிப் பேசி, தடங்கலே இல்லாமல் பேசுவாள். ஆனால் மிஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய கன்னடம். அதில் 'நீங்கள்' கிடையாது, எல்லோரும் 'நீ'தான். "பா, ஹோகு, கொடு" என்று வார்த்தைக்கு வார்த்தை வா போ என்றுதான் வரும். ஒருமுறை பேங்க் மேனேஜரை அப்படி அழைத்துவிட்டு, அவர் முகம் போன போக்கைப் பார்த்து வீடு வரும் வரை புலம்பினாள்.

அபி எங்கள் இருவரிலும் சேராதவள். பள்ளியில் இரண்டாம் மொழி கன்னடம். எழுதுவாள், படிப்பாள், கன்னடத்தில் கனவுகூடக் காண்பாள் என்று நினைக்கிறேன். தமிழ் பேசுவாள். படிக்கத் தெரியாது. ஆரணியிலிருந்து வரும் கல்யாணப் பத்திரிகையை நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். பத்தாம் வகுப்பில் பெற்றோர் கூட்டத்துக்கு என்னை அழைத்துப் போனபோது, வகுப்பு வாசலில் நின்று, "ப்பா, ப்ளீஸ், நீ ஒண்ணும் பேசாத. மிஸ் கிட்ட நானே பேசிக்கிறேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. என் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். நான் தலையாட்டிவிட்டு, கூட்டம் முடியும் வரை சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து கலாவிடம் சொன்னேன்.

அந்த மாதம்தான் சமுதாயப் பணிக்கு வந்த கூட்டத்தில் ஒரு பெண் கேள்வித்தாள் இல்லாமல் வந்தாள். பெயர் சிஞ்சனா. ஹாசன் பக்கம். எங்கள் ஏரியாப் பல்கலைக்கழகத்தில் கன்னட எம்.ஏ. படிக்கிறவள். கடைப் படியில் நின்றுகொண்டு, பாதி கன்னடமும் பாதி இங்கிலீஷுமாக, "அண்ணா, உங்க ஏரியாவுக்கு நாங்க என்ன செஞ்சா உபயோகமா இருக்கும்?" என்று கேட்டாள்.

இத்தனை வருடத்தில் எங்களிடம் என்ன இல்லை என்றுதான் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை. வேலை முடிந்து சாப்பாட்டுப் பையோடு வந்து நின்ற கலாதான் பட்டென்று சொன்னாள்:

"கன்னட ஓதோது கலிசு. பரெயோதூ கலிசு."

படிக்கக் கற்றுக்கொடு, எழுதவும் கற்றுக்கொடு.

4

இப்படித்தான், சிஞ்சனா பாடம் சொல்ல, பல்கலைக்கழகத்து அறை ஒன்றில் சனிக்கிழமை வகுப்பு தொடங்கியது.

உள்ளே போவதே ஒரு படிப்பாக இருந்தது. கேட்டில் ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒரு பாஸ் போட வேண்டும். ராஜு பீகார்காரர். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்பார். "கன்னடத்தை" என்பார் டீக்கடை பஷீர் இக்கா, தலச்சேரி மலையாளி. அப்படி ஒரு பேராசிரியர் இங்கே இருக்கிறாரா என்று ராஜு உள்ளே போன் போட்டு விசாரிப்பார். மூன்றாவது வாரம் அவரே, "டூட்டி இல்லாத சனிக்கிழமை நானும் வந்து உக்காரலாமா?" என்று கேட்டுவிட்டார். ஆக, எங்களைத் தடுத்து நிறுத்தியவரே எங்கள் வகுப்பில் சேர்ந்துகொண்டார்.

முதல் நாள் நான் பட்ட அவமானத்தை இன்றும் பஷீர் இக்கா டீ ஆற்றிக்கொண்டே எல்லோரிடமும் சொல்லுவார். சிஞ்சனா என் சட்டைப் பையைக் காட்டி, "அண்ணா, பென்னு கொடி" என்றாள். ஒரு பெண்ணைப் பெற்றவன் நான், திடுக்கிட்டுவிட்டேன். பேனாவைத்தான் கேட்கிறாள் என்பது புரிய நேரமானது. பிறகு அவள் சொன்னாள்: தமிழில் 'ப' வருகிற இடத்தில் கன்னடத்தில் பல நேரம் 'ஹ' வரும், பால் என்றால் ஹாலு, பூ என்றால் ஹூவு, புலி என்றால் ஹுலி. ஆஹா, இவ்வளவு சுலபமா என்று எனக்கு உற்சாகம் தலைக்கேறியது. பேனாவைத் திருப்பி வாங்க எழுந்து நின்று, கம்பீரமாக, "ஹேனு கொடி" என்றேன்.

முனிரத்னம்மா பெஞ்சில் அடித்துச் சிரித்தார். சிஞ்சனா முகத்தை மூடிக்கொண்டாள். ஹேனு என்றால் பேன். தலைப் பேன்.

ஆமாம், முனிரத்னம்மாவும் வகுப்புக்கு வந்தார். கன்னடமே தாய்மொழியாக உள்ளவர் கன்னட வகுப்பில் எதற்கு என்று முதல் நாள் யாரும் கேட்கத் துணியவில்லை. அவரே சொன்னார். மகன் பெயருக்கு ஒரு மனையை மாற்றி எழுத ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போயிருக்கிறார். பட்டுப்புடவை, நகை எல்லாம் போட்டுக்கொண்டு. அங்கே இருந்த பையன் ஒன்றும் கேட்காமல், அவரைப் பார்த்ததுமே மை அட்டையை நகர்த்தி வைத்தானாம்.

"எழுதத் தெரியுமான்னு ஒரு வார்த்த கேக்கல கணம்மா அவன்" என்று கலாவிடம் சொன்னார். "தெரியாதுதான். ஆனா கேக்கணுமா இல்லயா? எனக்கு எம் பேரு போதும். வேற ஒண்ணும் வேணாம். எம் பேர நானே எழுதணும்."

அவருக்கு மு, நி, ர வரைக்கும் சீக்கிரமே வந்துவிட்டது. பெரிய பெரிய வட்டங்களாக, ராகி உருண்டை பிடிக்கிற மாதிரி எழுதுவார். அதற்கு மேல்தான் சிக்கல். ஒன்றோடொன்று ஒட்டி வரும் எழுத்துக்களுக்குத் தமிழில் நாம் புள்ளி வைத்துவிட்டு அடுத்த எழுத்துக்குப் போய்விடுகிறோம். கன்னடத்தில் இரண்டாவது எழுத்து உருவம் மாறி முதல் எழுத்தின் காலடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்கு ஒத்தக்ஷரம் என்று பெயர். முனிரத்னம்மா என்ற பெயரில் அப்படி இரண்டு இருக்கின்றன, த்ன என்றும் ம்ம என்றும். அவருக்கு மட்டுமா? அம்மா, அப்பா, அக்கா, அண்ணா எதையும் ஒத்தக்ஷரம் இல்லாமல் கன்னடத்தில் எழுத முடியாது. "உறவெல்லாம் கடைசிப் பாடத்துலதான் வருது" என்றாள் கலா.

வீட்டில் சனிக்கிழமை ராத்திரிகள் மாறிப்போயின. சாப்பிட்டு முடித்ததும் கலா சிலேட்டை எடுத்துக்கொண்டு அபியிடம் போவாள். "ம்மா, இது 'க' இல்ல, 'த' மாதிரி இருக்கு. வயித்த இன்னும் கொஞ்சம் உள்ள இழு" என்பாள் அபி. "உன்ன வயித்துல சுமந்தது பத்தாதா?" என்று கலா சொல்ல, இருவரும் எதற்கென்றே தெரியாமல் சிரிப்பார்கள். இயர்போனை மாட்டிக்கொண்டு தனி அறையில் இருந்த பெண், எங்களுக்காக அதைக் கழற்றினாள். எனக்கு அது போதும் என்றிருந்தது.

5

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, வகுப்பில் பேனர் கட்டியிருந்தார்கள். சமோசா, மாஸா ஜூஸ். சான்றிதழ் கொடுத்தார்கள், குரூப் போட்டோ எடுத்தார்கள். ஒரு பேராசிரியர் வந்து, பல்கலைக்கழகத்துக்கும் மக்களுக்கும் நடுவே பாலம் கட்டியிருப்பதாக இங்கிலீஷில் பேசினார். நாங்கள் கைதட்டினோம். ஏதோ ஆண்டு விழா என்றுதான் நினைத்தோம்.

அடுத்த வாரம் கேட்டைத் தாண்டவே முடியவில்லை. அன்றைக்கு டூட்டியில் இருந்த ராஜு சங்கடத்தோடு சொன்னார்: "பாஸ் போட முடியாது அண்ணா. லிஸ்ட்ல கிளாஸ் இல்ல. புராஜெக்ட் முடிஞ்சுபோச்சாம்." அவரும் அதே வகுப்பில் படித்தவர். எங்களோடு சேர்ந்து அவரும் வெளியே நிற்கிற மாதிரிதான் இருந்தது, கேட்டுக்கு உள்பக்கம் நின்றாலும்.

இரண்டு நாள் கழித்து சிஞ்சனா கடைக்கு வந்தாள். பரீட்சைத் தலைவலிக்கு மாத்திரை வாங்க வந்தவள், வாங்காமல் நின்றாள்.

"அண்ணா, இந்த செமஸ்டருக்குத்தான் எனக்கு அந்த வேலையக் குடுத்தாங்க. மார்க் போட்டுட்டாங்க. அடுத்த வருஷம் புதுப் பசங்க வேற ஏரியாவுக்குப் போவாங்க. கணக்கெடுக்க மட்டும் எல்லா வருஷமும் இங்க வரலாம், வகுப்புன்னா ஒவ்வொரு வருஷமும் புது இடமா இருக்கணுமாம். நான் கேட்டுப் பார்த்தேன் அண்ணா, நிஜமா கேட்டேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையில் யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. நல்லதுதான் செய்தார்கள். ஆனால் அந்த நல்லதற்கு அவர்களுடைய காலண்டரில் ஒரு முடிவு இருந்தது, எங்களுக்கு அதைச் சொல்லவில்லை.

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த கலாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பாதியில வுட்டுட்டுப் போனா இன்னா அர்த்தம்? ஒத்தக்ஷரமே ஆரம்பிக்கல. அந்தம்மா பேரு 'முனிர'ன்னு நிக்குது. ஒரு சட்டைக்கு ஒரு கை மட்டும் தைச்சு குடுத்தா எங்க லைன்ல ஒத்துப்பாங்களா?" என்று என்னிடம் தமிழில் பொரிந்தாள். பிறகு சிஞ்சனாவிடம் கன்னடத்தில் கேட்டாள்: "இங்க பெரிய ஆள் யாரு? அவரப் பாக்கணும்."

சிஞ்சனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரெஜிஸ்ட்ரார்" என்றாள், பல்கலைக்கழகத்தின் பதிவாளர். அந்த வாரமே எங்கெங்கோ அலைந்து, வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் நேரம் வாங்கிக் கொடுத்தாள்.

வியாழன் இரவு அபி கேட்டாள்: "ம்மா, நான் வரட்டுமா? நான் வந்து இங்கிலீஷ்ல பேசினா கேப்பாங்க. உனக்கு டென்ஷனானா வாய் வேற மாதிரி போயிடும்."

கலா யோசித்தாள். "வேணாம்மா. கன்னடம் படிக்கணும்னுதானே போறோம். அத இங்கிலீஷ்ல கேட்டா நல்லாருக்காது. நானே கேக்கறன்" என்றாள். பிறகு தூங்கும் வரை, "நீவு, பன்னி, ஹேளி" என்று, நீங்கள், வாருங்கள், சொல்லுங்கள் என்கிற மரியாதைச் சொற்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

6

கலா அரை நாள் லீவு போட்டாள். நான் கடையைப் பூட்டினேன். பஷீர் இக்கா துவைத்த சட்டை போட்டு வந்தார். முனிரத்னம்மா ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போன அதே தோரணையில், பட்டுப்புடவையில் வந்தார்.

ரெஜிஸ்ட்ரார் கண்ணாடி போட்ட, களைத்துப்போன மனிதர். மேஜை முழுக்க ஃபைல்கள். எங்களை உட்காரச் சொன்னார். "ஏனாகபேக்கித்து?" என்று கேட்டார். என்ன ஆக வேண்டும் உங்களுக்கு.

கலா ஆரம்பித்தாள். மெதுவாக, ஒவ்வொரு 'நீவு'வையும் ஊசியில் நூல் கோப்பது போலப் பார்த்துப் பார்த்துப் பேசினாள். வகுப்பு பாதியில் நின்றதைச் சொன்னாள். தொடர வேண்டும் என்று சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு விளக்கினார். இது மாணவர்களின் பாடத்திட்டத்தில் ஒரு பகுதி. அதற்கு ஒரு காலம் உண்டு. இப்படி வகுப்பு நடத்த வருடத்துக்கு ஒரு புதிய பகுதி என்பது விதி. அறைக்கு ஒப்புதல், ஆசிரியருக்கு ஒப்புதல், பாதுகாப்புக்கு ஒப்புதல் எல்லாம் வேண்டும். கடைசியாக, "உங்கள் ஏரியா ஏற்கெனவே முடிந்துவிட்டது, அம்மா" என்றார்.

அந்த 'முடிந்துவிட்டது' கலாவை எங்கோ குத்திவிட்டது. கற்ற மரியாதை எல்லாம் ஒரே நொடியில் பறந்தது. கார்மெண்ட்ஸ் கன்னடம் வெளியே வந்தது.

"ஹேகப்பா முகியுத்தே? நீனே ஹேளு!" என்றாள். எப்படிப்பா முடியும், நீயே சொல்லு! "நாங்க இங்கதான இருக்கறோம்? ஏரியா எங்கயாவது எழுந்து போயிடுச்சா? அம்மான்னு எழுதச் சொல்லிக் குடுக்கல, அப்பான்னு எழுதச் சொல்லிக் குடுக்கல, அதுக்குள்ள சமோசா குடுத்து அனுப்பிட்டா ஆயிடுச்சா? ஏம்ப்பா?"

கலாவுக்கு அப்போதுதான் தான் சொன்னது காதில் விழுந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன், மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த கன்னடம் எதுவும் உதவாது என்ற பயத்தோடு.

ரெஜிஸ்ட்ரார் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தக் கன்னடம் எங்கே கற்றீர்கள்?" என்று கேட்டார்.

"கார்மெண்ட்ஸ்ல சார். மண்டியாக்காரங்க கிட்ட" என்றாள் கலா, கேட்டும் கேட்காத குரலில்.

அவர் சிரித்துவிட்டார். "எங்க ஊரு அது. எங்கம்மா இப்படித்தான் திட்டுவாங்க" என்றார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எங்கள் பக்கம் நகர்த்தினார். "சரி, ஒரு மனுவாகக் கொடுங்கள். மேலிடத்தில் வைக்கிறேன். என்ன ஆகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்."

இரண்டு வரி மனுவை நானும் கலாவும் மாற்றி மாற்றி எழுதினோம். ஒத்தக்ஷரம் வருகிற சொற்களைத் தவிர்த்துத் தவிர்த்து எழுதியதில் அது மனு மாதிரியே இல்லை. கையெழுத்துப் போட்டோம். பஷீர் இக்கா போட்டார். தாள் முனிரத்னம்மாவிடம் போனது.

ரெஜிஸ்ட்ராரின் உதவியாளர் பழக்கத்தில், மை அட்டை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினார். "பேடா" என்றார் முனிரத்னம்மா. வேண்டாம். பேனாவை எடுத்தார். மு எழுதினார். நி எழுதினார். ர எழுதினார். அதோடு பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

"முழுசா எழுதுங்கம்மா" என்றார் ரெஜிஸ்ட்ரார்.

"இஷ்டே கலிசிரோது" என்றார் முனிரத்னம்மா. கற்றுக்கொடுத்தது இவ்வளவுதான். "மிக்கித்து நிம் ஹத்ரனே இதே."

மிச்சம் உங்களிடம்தான் இருக்கிறது.

ரெஜிஸ்ட்ரார் தாளை எடுத்து அந்த மூன்று எழுத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்து, கன்னடத் துறைத் தலைவரை வரச் சொன்னார்.

7

உடனே கதவு திறந்துவிட்டது என்று எழுத ஆசைதான். ஃபைல் மே மாதம் முழுக்க ஒவ்வொரு மேஜையிலும் இளைப்பாறியது. அறைக்கு ஒப்புதல் வந்தபோது ஆசிரியர் இல்லை. ஆசிரியர் கிடைத்தபோது செக்யூரிட்டி ஒப்புதல் வரவில்லை. அந்த மாதம் சிஞ்சனா பரீட்சை முடிந்தும் ஊருக்குப் போகாமல், பஷீர் இக்காவின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒத்தக்ஷரத்தைத் தொடங்கி வைத்துவிட்டுத்தான் ஹாசனுக்கு ரயில் ஏறினாள். அதற்கு அவளுக்கு யாரும் மார்க் போடவில்லை.

ஜூலையில் எங்களுக்கு கேண்டீன் பக்கத்தில் ஓர் அறை கிடைத்தது. ஒரு நிபந்தனையோடு: வெளிமாநிலங்களிலிருந்து வந்து ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைகளும் அதே வகுப்பில் உட்காருவார்கள். அவர்களுக்கும் கன்னடம் தெரியாது. ஆட்டோக்காரரிடமும் கேண்டீனிலும் தவிக்கிறார்கள். ரெஜிஸ்ட்ராரின் யோசனை அது. நல்ல யோசனைதான் என்று சொல்ல வேண்டும். இப்போது கலாவுக்குப் பக்கத்தில் பாட்னாவிலிருந்து வந்த இன்ஜினியரிங் பெண் உட்காருகிறாள். அந்தப் பெண் எழுத்தில் வேகம், கலா பேச்சில் வேகம். ஒருவர் தாளை இன்னொருவர் எட்டிப் பார்க்கிறார்கள். இந்த முறை பேனர் கட்டவில்லை, கடைசித் தேதியும் யாரும் சொல்லவில்லை.

முனிரத்னம்மா ஆகஸ்ட்டில் தன் பெயரை முழுவதும் எழுதினார். இரண்டு ஒத்தக்ஷரங்களும் வரிக்குக் கீழே பத்திரமாக உட்கார்ந்திருந்தன. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "இவ்வளவு நீளப் பேரா எனக்கு?" என்றார். பிறகு எங்கள் வீட்டுச் சுவர், மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி என்று சாக்பீஸால் எழுதித் தள்ளினார். ஓனர் என்பதால் யாரும் எதுவும் சொல்ல முடியவில்லை.

அபி எங்களோடு அதிகம் பேசுகிறாள் என்று சொன்னால் அது பொய். அவள் போகிற வழியில் அவள் போய்க்கொண்டுதான் இருக்கிறாள், அது அவள் வயது. ஆனால் ரெஜிஸ்ட்ரார் அறையில் அம்மா பேசியதை நான் நடித்துக் காட்டிய அன்று, விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, கலாவின் மடியில் தலை வைத்து வெகுநேரம் படுத்திருந்தாள்.

இந்த ஜூனில் புது மாணவர்கள் சேர்கிற நாள் ஒன்றில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். நாங்கள் வகுப்புக்குப் போனபோது கேட்டுக்கு உள்ளே ஒரே கூட்டம். பெட்டியும் பக்கெட்டும் தலையணையுமாக ஒரு குடும்பம் வழி தெரியாமல் நின்றது. திண்டுக்கல் பக்கம் என்று பேச்சிலேயே தெரிந்தது. அப்பா, அம்மா, நடுவில் அழுகையை அடக்கிக்கொண்டு ஒரு பெண். போர்டுகளைப் பார்த்துப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அந்த முகங்களைப் பார்த்ததும் கலாவுக்குக் கால் நிற்கவில்லை. போய்ப் பெட்டியில் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள்.

"லேடீஸ் ஹாஸ்டல்தானே? இந்தப் பக்கம் வாங்க. சுத்திப் போனா வெயிலு, லைப்ரரி வழியா போலாம்" என்றாள். பலகையில் இருந்த கன்னட எழுத்தைக் கூட்டிப் படித்து, சரியான பிளாக்தானா என்று பார்த்துக்கொண்டாள். போகிற வழியில் கேண்டீனில் எது சாப்பிடலாம், எது வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள். உடம்புக்கு முடியவில்லை என்றால் எதிரில் மெடிக்கல் ஷாப் இருக்கிறது, அங்கிள்தான் இருப்பார் என்று என்னைக் காட்டினாள். ஹாஸ்டல் வாசலில் பெட்டியை இறக்கி வைத்ததும் அந்த அம்மாவின் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது.

அப்பா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றிங்கம்மா. நீங்க இங்க வேல பாக்குறீகளா?" என்று கேட்டார்.

கலா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"இல்லீங்க. இங்க படிக்கறன்" என்றாள்.